விபத்துக்கு முன்பே கண்ணில் படுபவை: பணியிட அபாயங்களை இனங்காண்பதும் தெரிவிப்பதும்

ஒரு தொழிற்கூடத்தில் விபத்து நடந்த மறுநாள் அங்கே வேலை செய்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "அந்த ஏணி ரொம்ப நாளாகவே ஆடிக்கொண்டுதான் இருந்தது", "அந்த ஒயரை மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லியாயிற்று", "அந்த மெஷினில் என்றைக்காவது இப்படி ஆகும் என்று தெரியும்" என்பது போன்ற பதில்கள்தாம் பெரும்பாலும் வரும். பணியிட விபத்துகளில் பலவற்றுக்கு முன்னறிகுறி இருக்கவே செய்கிறது. அது யாரோ ஒருவரின் கண்ணில் பட்டு, சொல்லப்படாமலோ, சொல்லியும் எழுதிவைக்கப்படாமலோ, எழுதியும் சரிசெய்யப்படாமலோ நின்றுபோய்விடுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களும் முதன்முறையாகச் சூப்பர்வைசர் பொறுப்பை ஏற்றிருப்பவர்களும் அபாயத்தை எப்படிப் பார்ப்பது, யாரிடம் எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து புரிந்துகொள்ள இக்கட்டுரை உதவும்.

அபாயமும் அதன் இடரும்

உடலுக்கோ உயிருக்கோ தீங்கு விளைவிக்கும் ஆற்றல் உள்ள எந்தப் பொருளும், எந்த இயந்திரமும், எந்த வேலை முறையும், எந்தச் சூழலும் அபாயமே. அந்தத் தீங்கு உண்மையிலேயே நேர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, நேர்ந்தால் அது எவ்வளவு கடுமையாக இருக்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து மதிப்பிடுவது இடர். உலோகத்துக்கு முலாம் பூசும் ஒரு பட்டறையில் அடர் கந்தக அமிலம் உள்ள கேன் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டிய ஸ்டோர் அறையில், தாழ்வான தட்டில், மூடி இறுகிய நிலையில் அது இருக்கும்போது அபாயம் இருக்கிறது, ஆனால் இடர் குறைவு. அதே கேனைத் தினமும் ஒருவர் தோள் உயரத்துக்குத் தூக்கி, கண்ணாடி அணியாமல், ஈரத் தரையில் நின்றபடி சிறிய பாத்திரத்தில் சாய்த்து ஊற்றுகிறார் என்றால், அமிலம் அதுவேதான், ஆனால் இடர் பல மடங்கு கூடிவிடுகிறது.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. அபாயத்தைத் தேடிப் பார்க்கும் கட்டத்திலேயே "இதுவரை ஒன்றும் ஆகவில்லையே" என்ற எண்ணம் குறுக்கிட்டால், பார்க்க வேண்டிய பாதி விஷயங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதால் அமிலத்தின் அரிக்கும் தன்மை குறைந்துவிடுவதில்லை. எனவே முதலில் தீங்கு செய்யக்கூடிய அனைத்தையும் பாரபட்சமின்றிக் குறித்துக்கொள்ள வேண்டும். எது அவசரம், எது பிறகு பார்க்கலாம் என்ற மதிப்பீடு அடுத்த கட்டத்துக்கு உரியது.

அபாயம் என்றதும் சுழலும் சக்கரமும் திறந்த மின்கம்பியும்தான் நினைவுக்கு வரும். அவை எளிதில் தென்படுபவை. மெதுவாகத் தாக்குபவை அவ்வளவு எளிதில் தென்படுவதில்லை. நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய், தொடக்கத்தில் ஒரு விசித்திரமான அடையாளத்தோடு வருகிறது: வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது போலிருக்கும், அடுத்தடுத்த நாட்களில் குறைந்துவிடும். விடுமுறையில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை யாரும் சொல்வதில்லை. கல் அரைவை ஆலைகளின் சிலிக்காத் தூசியும் இப்படித்தான், பாதிப்பு வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளாகும், தெரிந்த பிறகு குணப்படுத்தவும் முடியாது. இரைச்சலை அளக்கக் கருவி கையில் இல்லாவிட்டாலும், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அங்கே ஒலியளவு ஏறக்குறைய 85 டெசிபலைத் தாண்டியிருக்கும் என்று கொள்ளலாம். நாள் முழுக்க அதில் இருப்பது செவித்திறனைக் கெடுக்கும். நெடுநேரம் குனிந்து சுமை தூக்குவது, தொடர்ச்சியான இரவு ஷிஃப்ட், ஓய்வில்லாத ஓவர்டைம், மேலதிகாரியின் மிரட்டல் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

வேலையைப் பின்தொடர்ந்து பார்ப்பது

பல நிறுவனங்களில் பாதுகாப்புச் சுற்று என்ற பெயரில் மாதம் ஒருமுறை சிலர் கையில் ஒரு படிவத்துடன் நடந்து வருவார்கள். தீயணைப்பான் இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, மஞ்சள் கோடு அழிந்திருக்கிறதா என்று பார்த்து டிக் அடித்துக்கொண்டே போவார்கள். இவையும் தேவைதான். ஆனால் இப்படிப் பார்க்கும்போது பார்வைக்குக் கிடைப்பது கட்டடம் மட்டுமே. அதில் நடக்கும் வேலை கிடைப்பதில்லை. ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்பவரின் பக்கத்தில் நின்று, கை எங்கே போகிறது, கால் எங்கே நிற்கிறது, எந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறார் என்று பார்ப்பதே அபாயத்தைக் கண்டுபிடிக்க மிக நல்ல வழி.

ஒரு பவர் பிரஸ்ஸை அருகில் சென்று பார்ப்போம். டை எனப்படும் இரும்பு அச்சுகளில் மேல் டை வேகமாக இறங்கி, கீழ் டையில் வைத்த தகட்டை ஒரே அடியில் வெட்டும் அல்லது வளைக்கும்; அந்த அடியைத்தான் ஸ்ட்ரோக் என்கிறார்கள். இரண்டு கைகளும் டைக்கு வெளியே இருந்தால்தான் மெஷின் இயங்க வேண்டும் என்பதற்காக, இரண்டு பட்டன்களைத் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ஸ்ட்ரோக் விழும்படி அமைத்திருப்பார்கள். ஆனால் அருகில் போய்ப் பார்த்தால், இடதுபக்கப் பட்டன் உள்ளே அழுந்திய நிலையிலேயே நிற்கிறது. ஒரு மரச் சில்லைச் செருகி, அதன்மேல் கருப்பு டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். ஆபரேட்டர் வலதுகையால் மட்டும் பட்டனை அழுத்துகிறார். சும்மா இருக்கும் இடதுகை, முடிந்த பீஸை எடுக்கவும் அடுத்த தகட்டை வைக்கவும் டைக்குள் போய்வருகிறது. டேப்பின் ஓரங்களில் எண்ணெயும் தூசியும் படிந்து கருத்திருப்பதைப் பார்த்தால், அது இன்று சுற்றியதல்ல என்பதும், இந்த வழியாக எத்தனையோ பேர் கடந்துபோயிருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

இதைக் கண்டவர், "ஆபரேட்டர் கவனக்குறைவாக வேலை செய்கிறார்" என்று எழுதினால், அபாயத்தை இனங்கண்டதாகவே ஆகாது. அந்தச் சில்லு ஏன் அங்கே வந்தது என்று ஆபரேட்டரிடமே கேட்க வேண்டும், அதுவும் விசாரிக்கும் தொனியில் கேட்கக் கூடாது. பட்டன் இறுகிப்போய் ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான முறை அழுத்தினால் தோள் வலிக்கிறது என்று அவர் சொல்லக்கூடும். மணிக்கு இத்தனை பீஸ் என்று வைத்திருக்கும் கணக்கை இரண்டு கையால் எட்ட முடியாது என்று சொல்லக்கூடும். பீஸ் டையில் ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு முறையும் கையால் பிடுங்க வேண்டியிருக்கிறது என்று சொல்லக்கூடும். ஒவ்வொரு பதிலும் வெவ்வேறு தீர்வைக் கேட்கிறது: பட்டனை மாற்றுவது, உற்பத்தி இலக்கைத் திருத்துவது, பீஸைக் காற்றால் ஊதித் தள்ளும் அமைப்பைப் பொருத்துவது. சில்லை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆபரேட்டருக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டுப் போனால், சில நாளில் இன்னொரு சில்லு அங்கே வந்துவிடும்.

வழக்கமான ஓட்டத்தில் தெரியாத பல அபாயங்கள், வழக்கம் உடையும் நேரத்தில் தெரியும். சிக்கிக்கொண்ட பொருளை எடுக்கும்போது, மெஷினைத் துடைக்கும்போது, பழுது பார்க்கும்போது, கரண்ட் போய்த் திரும்ப வரும்போது, ஷிஃப்ட் மாறும்போது, லீவில் போனவருக்குப் பதிலாக வேறொருவர் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பழுது பார்ப்பவர் உள்ளே கை விட்டிருக்கும்போது, அது தெரியாமல் வேறொருவர் மெயின் சுவிட்சைப் போட்டுவிடும் விபத்து உலகெங்கும் திரும்பத் திரும்ப நடப்பது. சுவிட்சைப் பூட்டிச் சாவியைப் பழுது பார்ப்பவரே வைத்துக்கொண்டு, பெயர் எழுதிய அட்டையையும் தொங்கவிடும் முறை அதற்காகத்தான் வந்தது. பூட்டு இல்லாமல் அட்டை மட்டும் தொங்கினால், அதையே ஓர் அபாயமாகக் குறித்துக்கொள்ளலாம்.

புலன்களை நம்ப முடியாத இடங்களும் உண்டு. கழிவுநீர்த் தொட்டி, தோல் ஆலையின் சேற்றுத் தொட்டி, ஆழ்குழி போன்ற மூடிய இடங்களில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுக்கு அழுகிய முட்டையின் நாற்றம் உண்டு என்பது பலருக்கும் தெரியும். அதன் செறிவு கூடியதும் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, வாயு வெளியேறிவிட்டது என்று நினைத்து ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார், அவரும் விழுகிறார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் நாம் எத்தனை முறை படித்துவிட்டோம் என்பதை நினைக்கவே வேதனையாக இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். மற்ற மூடிய இடங்களிலும் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் உள்ளே போகக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. வாயுவை அளக்கும் கருவி இல்லாத இடத்தில் யாரையும் உள்ளே இறக்கப் போகிறார்கள் என்றால், அங்கே நிற்கும் எவரும் உடனே தடுத்துச் சொல்ல வேண்டிய அபாயம் அது.

எதை முதலில், எந்த வழியில்

கண்ட அனைத்தையும் ஒரே நாளில் சரிசெய்ய முடியாது என்பதால், நேரும் வாய்ப்பையும் கடுமையையும் வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். நிறுவனங்களில் இதற்குக் கட்டம் போட்ட அட்டவணை ஒன்று இருக்கும். ஒன்றுமுதல் ஐந்துவரை எண் கொடுத்துப் பெருக்கிப் பார்ப்பார்கள். அட்டவணை உதவிதான், ஆனால் எண்ணை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. உயிர் போகும் அளவுக்குக் கடுமையான ஒன்றை, "அரிதாகத்தான் நடக்கும்" என்று குறைந்த எண் கொடுத்துப் பட்டியலின் அடியில் தள்ளிவிடுவது மிகச் சுலபம். உயிரோ உறுப்போ போகக்கூடியது எதுவாயினும், வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதைத் தனியாக எடுத்துப் பார்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

தீர்வுகளுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் அபாயத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும்; முடியாவிட்டால் குறைந்த தீங்குள்ள ஒன்றை அதன் இடத்தில் வைப்பது; அடுத்து மறைப்பு, தூசி உறிஞ்சும் குழாய், தானாக நிற்கும் சென்சார் போன்ற அமைப்புகளால் ஆளையும் அபாயத்தையும் பிரிப்பது; அதன்பிறகே பயிற்சி, விதிமுறை, எச்சரிக்கைப் பலகை; கடைசியாக ஹெல்மெட், கையுறை, முகக்கவசம். நம் ஊரில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது, தூசியைக் குறைக்காமல் துணியாலான மாஸ்க்கைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். நுண்ணிய சிலிக்காத் தூசியை அந்தத் துணி தடுப்பதில்லை. கல்லை அறுக்கும் இடத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே அறுத்தால் தூசி எழுவதே பெருமளவு குறைந்துவிடும்.

சொல்லும் முறை

உடனடி ஆபத்து கண்முன் இருந்தால், எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை வேறு: வேலையை நிறுத்துவது, பக்கத்தில் இருப்பவர்களை எச்சரிப்பது, தன்னால் பாதுகாப்பாக முடியும் என்றால் மட்டும் சுவிட்சை அணைப்பது, அந்த இடத்துக்கு யாரும் வராமல் தடுப்பு வைப்பது, பொறுப்பாளரை நேரில் அழைப்பது. தரையில் எண்ணெய் கொட்டியிருக்கிறது என்றால் அதைப் படிவத்தில் நிரப்பிக்கொண்டிருப்பதைவிட, ஒருவரை அங்கே நிற்கச் சொல்லிவிட்டு மரத்தூளை எடுக்க ஓடுவதே முறை. ஆனால் துடைத்த பிறகும் சொல்ல வேண்டிய விஷயம் மிச்சமிருக்கிறது: அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? ஹைட்ராலிக் குழாயின் இணைப்பு கசிகிறது என்றால், நாளைக்கும் கொட்டும்.

வாய்மொழியாகச் சொன்னது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், ஷிஃப்ட் மாறியதும் காற்றோடு போய்விடும். ஆகவே எழுத வேண்டும். "பிரஸ் பகுதியில் பாதுகாப்புச் சரியில்லை" என்று எழுதினால், படிப்பவருக்கு எங்கே போய் எதைப் பார்ப்பது என்று தெரியாது. அதையே இப்படி எழுதலாம்: "இன்று காலை ஷிஃப்டில், 9.40 மணிக்கு, பிரஸ் பகுதியிலுள்ள 3-ஆம் எண் மெஷினின் இடதுபக்கப் பட்டன் மரச்சில்லு செருகி டேப் ஒட்டப்பட்ட நிலையில் இருந்தது. ஒரு கையால் இயக்கப்படுகிறது. மற்ற கை டைக்குள் செல்கிறது. ஸ்ட்ரோக் தவறி விழுந்தால் விரல்கள் துண்டாகும். பட்டன் இறுகியிருப்பதாக ஆபரேட்டர்கள் சொல்கிறார்கள். மெஷினை நிறுத்திவைக்கச் சொல்லி ஃபோர்மேனிடம் நேரில் தெரிவித்துவிட்டேன். மூன்று ஷிஃப்ட்டிலும் இதே நிலையா என்று பார்க்க வேண்டும்." இடம், நேரம், கண்டது என்ன, யாருக்கு என்ன ஆகலாம், இதுவரை என்ன செய்தாயிற்று என்பவை அனைத்தும் இதில் இருக்கின்றன, யாருடைய பெயரும் குற்றவாளியாக இல்லை. கண்டதையும் ஊகித்ததையும் கலக்காமல் எழுதுவது முக்கியம். மொபைலில் ஒரு படம் எடுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது. படமெடுக்கத் தடையுள்ள ஆலையாக இருந்தால் கையால் ஒரு கோட்டுப்படம் போதும். கொடுத்ததற்கு ஒரு நகலோ, எண்ணோ, குறைந்தபட்சம் அனுப்பிய செய்தியின் பதிவோ தன்னிடம் இருக்கட்டும்.

எழுதத் தெரியாதவர்களும், அந்த ஊரின் மொழி தெரியாதவர்களும் வேலை செய்யும் இடங்களில் இந்த ஏற்பாடு வேறு விதமாக இருக்க வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தலைமாட்டுக்கு அப்பால் நிற்கும் சுவர் எதைத் தாங்கி நிற்கிறது என்று அங்கே உறங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தால் தன் மொழியில் சொல்ல ஓர் ஆளும் இருக்க வேண்டும். வங்காள மொழியிலோ ஒடியாவிலோ இந்தியிலோ ஒரு குரல் பதிவை அனுப்பினால் ஏற்றுக்கொள்ளும் எண் ஒன்றை ஏற்படுத்துவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஒப்பந்தத் தொழிலாளர் தன் காண்ட்ராக்டரிடம் மட்டும்தான் சொல்லலாம், ஆலையின் பாதுகாப்பு அலுவலரிடம் நேராகப் போகக் கூடாது என்ற எழுதப்படாத விதியையும் நீக்க வேண்டும்.

யாரிடம் சொல்வது என்பதற்குப் பொதுவான வரிசை சூப்பர்வைசர், பாதுகாப்பு அலுவலர், பாதுகாப்புக் குழு என்று போகும். 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு, பாதுகாப்பற்ற நிலை ஒன்று தன் கவனத்துக்கு வந்தால் கூடிய விரைவில் தெரிவிப்பதைத் தொழிலாளியின் கடமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து உடனே நேரலாம் என்று நியாயமான அச்சம் இருந்தால், அதை நிர்வாகத்திடம் நேராகவோ பாதுகாப்புக் குழு உறுப்பினர் வழியாகவோ சொல்லி, அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். ஆபத்து உண்மை என்று கண்டால் நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை என்று நினைத்தால் தானே முடித்துக்கொள்ள முடியாது, ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும், அவர் முடிவே இறுதி. தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு இந்தப் பொறுப்பு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் இருக்கிறது. இதற்கு முன்பிருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, பொதுவாக 1,000 தொழிலாளர்கள் இருந்தால்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்று இருந்தது; புதிய சட்டத்தொகுப்பில் தொழிற்சாலைக்கு 500, அபாயகரமான செயல்முறை உள்ள இடத்துக்கு 250 என்று அது குறைந்திருக்கிறது. சிறு பட்டறைகளில் வேலை செய்யும் லட்சக்கணக்கானோருக்கு இந்த அலுவலர் இன்றும் கிடையாது. அங்கே முதலாளியும் அவருக்கு அடுத்தபடியாக இருக்கும் மேஸ்திரியும்தான் எல்லாம் என்பதால், சொல்வதற்கான துணிச்சலும் கேட்பதற்கான பொறுமையும் அங்கேதான் மிக அதிகமாகத் தேவைப்படுகின்றன.

சொல்லாமல் போவது ஏன்

"நமக்கெதுக்கு வம்பு" என்ற ஒரு வரியில் பல காரணங்கள் அடங்கியிருக்கின்றன. சொன்னவனையே வேலை தெரியாதவன் என்பார்கள் என்ற பயம், தினக்கூலி நாளைக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற கவலை, மெஷின் நின்றால் சக தொழிலாளியின் பீஸ் ரேட் போய்விடும் என்ற தயக்கம், போன முறை சொன்னபோது யாரும் பதிலே சொல்லவில்லை என்ற கசப்பு. "விபத்தில்லா நாட்கள்" என்று வாசலில் பலகை வைத்து, எண்ணிக்கை கூடினால் எல்லோருக்கும் பரிசு என்று அறிவிப்பதும், நல்லெண்ணத்தோடு செய்தாலும், பல இடங்களில் எதிர்விளைவையே தருகிறது. தன் விரலில் பட்ட வெட்டுக்காக முழு ஷிஃப்டின் பரிசும் போய்விடும் என்றால், ஒருவர் காயத்தைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். எண்ணிக்கையில் விபத்து குறையும், தரையில் குறையாது.

காயமே இல்லாமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் இதனால் அறவே மறைந்துபோகின்றன. சாரத்தின் மேலிருந்து ஸ்பேனர் ஒன்று நழுவி, கீழே நடந்துபோனவரின் அருகில் விழுகிறது. இருவரும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் அது மரணம். அப்படி ஒரு செய்தி உரியவர்களுக்குப் போய்ச் சேராததால் நேர்ந்ததை விமானத் துறை பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள டல்லஸ் (Dulles) விமான நிலையத்தை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. 514 விமானம், இறங்குவதற்கான அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டு உரிய உயரத்துக்குக் கீழே இறங்கி, மலையில் மோதியது. அதிலிருந்த 92 பேரும் இறந்தனர். ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே குழப்பத்தில் அதே மலையிலிருந்து தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்கு அது போய்ச் சேர வழியே இருக்கவில்லை. இதன்பிறகு 1976-இல் நாசா நடத்தும் ரகசியத் தகவல் அமைப்பு உருவானது. தெரிவிப்பவரின் அடையாளம் நீக்கப்படும். வேண்டுமென்றே செய்யாத விதிமீறலைப் பத்து நாட்களுக்குள் தெரிவித்தவருக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிறிய ஆலைகூட இந்தக் கொள்கையை எடுத்துக்கொள்ளலாம்: தப்பியதைச் சொன்னவர்மீது நடவடிக்கை இல்லை என்று நிர்வாகம் எழுத்தில் உறுதி கொடுத்து, அதன்படி நடந்தும் காட்ட வேண்டும்.

சொல்லப்பட்ட பிறகும் ஒன்றும் நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே போபால் இருக்கிறது. யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி இறந்தார். 1982 மே மாதத்தில் அமெரிக்கத் தாய் நிறுவனத்திலிருந்து வந்த பாதுகாப்புக் குழு குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதே ஆண்டிலிருந்து பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி ஊருக்கு வரவிருக்கும் ஆபத்தைப் பற்றி எழுதிவந்தார். தகவல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1984 டிசம்பர் 2 இரவில், மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருந்த தொட்டியைக் குளிர்வித்து வைக்க வேண்டிய அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாயின் ஒரு பகுதி பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி நடுநிலையாக்கும் கோபுரம் இயங்கிக்கொண்டிருக்கவில்லை. அன்றிரவு பதினொன்றரை மணியளவில் கண் எரிச்சலால் கசிவை உணர்ந்தவர்கள் அதைத் தெரிவித்தார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்தத் தொழிலாளர்கள்மீது பழி போடுவது அநியாயம். சிறு கசிவுகள் அன்றாட விஷயமாகிப்போன ஆலையில், கண் எரிச்சல் அவசரச் செய்தியாகத் தோன்றாமல் போனதே அங்கே நடந்தது. சுமார் 40 டன் வாயு வெளியேறியது. மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த மரணங்களே 3,787. அதன் பின்விளைவாக 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, உடனடி ஆபத்தைப் பற்றி எச்சரிக்கும் உரிமையும், தொழிலாளர் பங்கேற்கும் பாதுகாப்புக் குழுவும் சட்டத்தில் இடம்பெற்றன.

தெரிவித்த பிறகு

எனவே, தகவலைப் பெறுபவரின் வேலை, தெரிவிப்பவரின் வேலையைவிடப் பெரியது. பெற்றுக்கொண்டேன் என்று அன்றைக்கே சொல்வது முதல் வேலை. நிரந்தரத் தீர்வுக்கு நாளாகும் என்றால், அதுவரைக்கும் என்ன தற்காலிக ஏற்பாடு என்பதை உடனே முடிவு செய்ய வேண்டும்; 3-ஆம் எண் பிரஸ்ஸின் பட்டன் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றால், வரும்வரை அந்த மெஷின் ஓடக் கூடாது. யார் செய்யப்போகிறார், எந்தத் தேதிக்குள் என்பது எல்லோரும் பார்க்கும் பலகையில் இருக்கட்டும். செய்ய முடியாது என்று முடிவெடுத்தால், அதற்கான காரணத்தையும் சொன்னவருக்குத் தெரிவிக்க வேண்டும். காரணத்தோடு கூடிய மறுப்பைத் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் மௌனத்தைப் பார்த்தபிறகு அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார்கள்.

சரிசெய்தாயிற்று என்று கோப்பில் எழுதுவதற்கு முன், சரிசெய்த இடத்துக்கே போய், வேலை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும், முடிந்தால் முதலில் தெரிவித்தவரையும் அழைத்துக்கொண்டு. ஏனென்றால் தீர்வே புதிய அபாயத்தைக் கொண்டுவருவது உண்டு. கார்டு என்று தொழிலாளர்கள் சொல்லும் பாதுகாப்பு மறைப்பைப் புதிதாகப் பொருத்தியிருப்பார்கள். அதற்குள் தேங்கும் ஸ்கிராப்பை எடுக்க வழி வைத்திருக்க மாட்டார்கள். மணிக்கொரு தடவை நான்கு போல்ட்டுகளைக் கழற்ற வேண்டியிருப்பதால், இரண்டாவது நாளே மறைப்பைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வேலை நடக்கும். பொருத்திய அன்று எடுத்த படத்தில் இது தெரியாது. ஒரு வாரம் கழித்து, முன்கூட்டியே சொல்லாமல், இரவு ஷிஃப்டில் போய்ப் பார்த்து, மறைப்பு அதன் இடத்திலேயே இருந்தால் அந்தப் பதிவை முடித்துவைக்கலாம். சுவரோரம் இருந்தால், ஏன் கழற்றினீர்கள் என்று மிரட்டாமல், ஸ்கிராப்பை எப்படி எடுப்பது வசதியாக இருக்கும் என்று ஆபரேட்டரிடம் கேட்டு, அந்தப் பதிலையும் அதே பதிவின் கீழே எழுதி, பதிவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.